அட்டையில் ஏன் ராக்கெட் இல்லை?



இந்த இதழ் அச்சுக்குப் போகும் முன்பே அதன் அட்டை எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னச் சண்டையைக் கிளப்பிவிட்டது. வடிவமைப்பாளர் தம்பி கொண்டுவந்து வைத்தது, நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும் ராக்கெட் படம். நான் கேட்டது, கடலில் ஆடிக்கொண்டிருக்கும், பக்கமெல்லாம் கரியேறிய ஒரு கலத்தின் படம். "ஏனுங்க, கரி புடிச்சுக் கெடக்குதுங்களே, இதைக் கடையில தொங்கவிட்டா யாரு கையில எடுப்பாங்க?" என்றார் அவர். விற்பனைப் பிரிவும் அவர் கட்சிதான். கடைசியில் ஆசிரியர் என்ற உரிமையில் நான் ஜெயித்தேன். ஜெயித்தவன் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பக்கம்.

ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவார்கள், புகை எழும்பும், கைதட்டல் கேட்கும். திரும்பி வருவதற்கு அந்த மாதிரி ஒரு சடங்கு கிடையாது. 'பத்திரமாக வந்து சேர்ந்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் என்னைக் கேட்டால், பயணத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பகுதி அதுதான்.

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. சுபான்ஷு சுக்லா திரும்பிய நாள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர். ஜூன் 25-ல் கிளம்பி, மறுநாள் நிலையத்தில் ஏறி, அங்கே 18 நாள் இருந்தார். ஜூலை 14 மாலை 4.45-க்கு 'கிரேஸ்' என்று பெயர் வைத்த டிராகன் கலம் நிலையத்தை விட்டுப் பிரிந்தது. மறுநாள் மதியம் 2 மணி 7 நிமிடத்துக்குத் தன் சிறு எஞ்சின்களைப் பற்றவைத்தது. 18 நிமிடம் எரிந்தது. 3 மணி 1 நிமிடத்துக்கு அமெரிக்காவின் சான் டியாகோ கடற்கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் விழுந்தது.

நமக்கு அது சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். அலுவலகத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டீயும் தேங்காய் பன்னும் கையில் வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். திரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளி. "எஞ்சின் நின்னு போச்சுன்னா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில்தான் ஆச்சரியம்: அந்த 18 நிமிடத்துக்குப் பிறகு வேகத்தைக் குறைக்க எஞ்சினை நம்பவே இல்லை. கலம் சுற்றிக்கொண்டிருந்தது மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டரில். எஞ்சின் அதில் குறைத்தது சில நூறு கிலோமீட்டர் மட்டும். அவ்வளவு குறைந்தாலே பாதை பூமியை நோக்கி வளைந்துவிடும். மீதி வேகத்தை முழுக்கத் தின்பது காற்று. காற்றுக்கு மிஞ்சியதைத் தின்பது துணி.

பொள்ளாச்சியிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கேள்வி என் மேஜையில் இருக்கிறது. 'மேலே போகும்போது எரியாத கப்பல் கீழே வரும்போது மட்டும் ஏன் எரிகிறது?' அருமையான கேள்வி, கண்ணு. போகும்போது அடர்ந்த காற்றை ராக்கெட் மெதுவாகவே கடக்கிறது. காற்று மெலிந்த பிறகுதான் முழு வேகம் பிடிக்கிறது. வரும்போது நிலைமை தலைகீழ். முழு வேகத்தோடு காற்றுக்குள் நுழைகிறது. எதிரில் இருக்கும் காற்றுக்கு ஒதுங்கி வழிவிட நேரமில்லை. கலத்தின் அடிப்பாகத்துக்கு முன்னால் நசுங்குகிறது, நசுங்கிய வேகத்திலேயே பழுக்கச் சூடாகிறது. உரசலைவிட இந்த நசுங்கல்தான் பெரிய காரணம். வெப்பக் கவசத்தின் முன்னால் 1,600 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. எங்கள் கோயமுத்தூரின் கணபதி, சிட்கோ பக்கத்து ஃபவுண்டரிகளில் வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றும்போது இருக்கும் சூடு 1,400 டிகிரி வாக்கில் என்பதைச் சொன்னால், அந்தப் பேக்கரியில் நின்றவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி, பின்புறத்தில், நாலு மனிதர்கள் விண்வெளி உடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சூட்டில் காற்று மின்னூட்டம் பெற்றுக் கலத்தைப் போர்த்திக்கொள்வதால் வானொலித் தொடர்பு அறுந்துவிடும். அன்றைக்கு சுமார் 7 நிமிடம். பேக்கரியில் அது யாருக்கும் தெரியவில்லை, அடுத்த டீ சொல்லிக்கொண்டிருந்தார்கள். லக்னோவில் சுக்லாவின் பெற்றோர் அவர் படித்த பள்ளியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் இறங்கியதும் தாயார் அழுததை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின.

சுக்லாவோடு இருந்தவர்கள் போலந்தின் ஸ்வாவோஷ் உஸ்னான்ஸ்கி, ஹங்கேரியின் திபோர் காபு, கமாண்டராக அமெரிக்காவின் பெக்கி விட்சன். இந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் ரஷ்ய சோயுஸ் கலத்தில் திரும்பியபோது, கலத்தின் ஒரு பகுதி சரியாகப் பிரியாமல், திட்டமிட்ட பாதையை விட்டுச் செங்குத்தாக விழுந்தது. உடம்பின் எடையைப் போல எட்டு மடங்கு அழுத்தம். இறங்க வேண்டிய இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கஜகஸ்தான் புல்வெளியில் விழுந்து, புல் தீப்பிடித்து எரிந்தது. அதிலிருந்து எழுந்து வந்தவர், அதன் பிறகும் பல தடவை போய்விட்டு வந்திருக்கிறார். சுக்லாவுக்குப் பக்கத்து இருக்கையில் அப்படி ஒருவர் இருந்தது எனக்கு எந்தக் கணினியையும்விட தைரியம் கொடுத்தது.

இப்போது துணிக்கு வருகிறேன். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ராக்கெட்டைப் பத்தி பக்கம் பக்கமா எழுதறீங்க, கடைசியில பாரசூட்லதானுங்க தொங்கிட்டு வராங்க? அந்தத் துணியைப் பத்தி யாருமே எழுதறதில்லையே?" அவர் கேட்ட பிறகுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நாலு பக்கக் கட்டுரையே தேறும் போலிருந்தது.

டிராகன் கலத்தில் முதலில் இரண்டு சிறு பாரசூட்டுகள் விரிகின்றன. ஜூலை 15-ல் அது கடலுக்கு மேல் ஐந்தரை கிலோமீட்டர் வாக்கில் நடந்தது. அப்போதும் கலம் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. அது 200-க்குள் வந்த பிறகு, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நாலு பெரிய பாரசூட்டுகள். கடலைத் தொடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர், ஊருக்குள் நிதானமாக ஓட்டும் மொபெட்டின் வேகம். பெரிய பாரசூட்டை ஒரேயடியாக விரிய விடமாட்டார்கள். விரிந்தால் அந்த இழுப்பில் துணி கிழியும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கழுத்து ஒடியும். அதனால் வாயைக் கயிறு போட்டுச் சுருக்கி வைத்திருப்பார்கள். சில விநாடி கழித்துச் சின்ன வெடிமருந்துக் கத்தி அந்தக் கயிற்றை அறுக்கும். அதன் பிறகே முழுதாக விரியும். முதலில் வரும் சிறு பாரசூட் பல ரகங்களில் முழுத்துணியாகவே இருக்காது. பட்டை பட்டையாக, நடுவில் இடைவெளி விட்டுத் தைத்திருப்பார்கள். வேகமான காற்றை முழுத்துணி மறித்தால் தாங்காது. கொஞ்சத்தை உள்ளே விட்டால் தாங்கும். மடித்து அடைப்பது இன்னொரு கலை. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, அடர்த்தியில் மரக்கட்டைக்குக் கிட்ட வரும் அளவுக்குப் பொட்டலம் கட்டுகிறார்கள். மடித்தவர் ஒரு மடிப்பில் தவறினாலும் அது தெரியவருவது விரியும்போதுதான்.

1967 ஏப்ரலில் சோயுஸ்-1 கலத்தில் வந்த விளாதிமிர் கோமரோவ் பாரசூட் சரியாக விரியாமல்தான் இறந்தார். பெரிய பாரசூட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாற்றுப் பாரசூட் சிக்கிக்கொண்டது. மாறாக, 1971-ல் நிலாவிலிருந்து திரும்பிய அப்பல்லோ-15-ன் மூன்று பாரசூட்டுகளில் ஒன்று சுருங்கிப்போனது. இரண்டை வைத்துக்கொண்டே மூவரும் கடலில் நல்லபடியாக இறங்கினார்கள். ஒன்றைக் கூடுதலாகக் கட்டி அனுப்பியவருக்கு யாராவது மாலை போட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம்முடைய ககன்யான் திட்டத்திலும் அதே கணக்குதான். அதன் கலத்தில் மொத்தம் பத்துப் பாரசூட்டுகள். மூடியைக் கழற்ற இரண்டு. வேகத்தைக் குறைத்து ஆட்டத்தை நிறுத்த 5.8 மீட்டர் விட்டத்தில் இரண்டு. பெரியவற்றை வெளியே இழுக்க மூன்று. கடைசியாக 25 மீட்டர் விட்டத்தில் மூன்று. இந்த மூன்றில் இரண்டு விரிந்தாலே போதும் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உருவாக்கியது ஆக்ராவில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம், திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் மையத்தோடு சேர்ந்து. 2025 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டா பக்கம் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர், சுமார் 5 டன் எடையுள்ள மாதிரிக் கலம் ஒன்றை மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய்க் கீழே போட்டது. பாரசூட்டுகள் வரிசையாக விரிந்தன, கலம் கடலில் இறங்கியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நாளிதழ்களில் அந்தச் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விட்டது. சோமனூர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இந்தியா தன் கையால் ஒன்றை மேலே அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தது எப்போது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? 2007 ஜனவரி 10-ல் பி.எஸ்.எல்.வி. சி-7-ல் ஏறிப் போனது 550 கிலோ எடையுள்ள ஒரு சிறு கலம். ஆள் கிடையாது. நாம் பொங்கல் வைத்து, மாட்டுப்பொங்கலும் கும்பிட்டு முடித்த போதெல்லாம் அது தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜனவரி 22 காலையில், மேலே ஒட்டிய சிலிக்கா ஓடுகள் சூட்டைத் தாங்க, வங்கக் கடலில் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டரில் வந்து விழுந்தது. கடலோரக் காவல் படையினர் மிதந்துகொண்டிருந்ததை எடுத்துவந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு சந்திரயான்-1 போனது, அதன் திட்ட இயக்குநரான நம் கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பரபரப்பில் இந்தக் குட்டிக் கலம் மறந்துபோனதில்தான் வருத்தம். மனிதரை அனுப்பலாம் என்ற துணிவு அங்கே ஆரம்பித்தது.

இறங்குவது என்றதும் நாமக்கல் வாசகர்கள் கோபித்துக்கொள்ளும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலாவில் விக்ரம் கலம் இறங்குவதற்கு முன், இஸ்ரோ அதன் கால்களையும் பிரக்யான் ஊர்தியின் சக்கரங்களையும் சோதித்துப் பார்த்த மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறையை அரைத்து எடுத்தது. நிலாவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகும் அனார்த்தசைட் அங்கே கிடைக்கிறது.

திரும்பிவராத நாளையும் நாம் பார்த்திருக்கிறோம். 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நம் நேரப்படி இரவு ஏழே முக்காலுக்கு இறங்க வேண்டிய கொலம்பியா விண்கலம், அதற்கு 16 நிமிடம் முன்பு டெக்சாஸ் வானத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். கிளம்பும்போதே வெளித்தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் ஓட்டை போட்டிருந்தது. பதினாறு நாள் மேலே இருந்தபோது அந்த ஓட்டை எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. காற்றுக்குள் நுழைந்த பிறகே கொன்றது. அதனால்தான் 2025 மார்ச் 19 விடிகாலை 3.27-க்கு, 286 நாள் மேலே மாட்டிக்கொண்டிருந்த சுனிதா வில்லியம்ஸ் புளோரிடா கடலில் இறங்கியபோது, அலாரம் வைத்து எழுந்து பார்த்ததாக அத்தனை பேர் எங்களுக்கு எழுதியிருந்தீர்கள். அவர்களில் பாதிப்பேர் கலத்தைச் சுற்றி வந்த டால்பின்களைப் பற்றித்தான் எழுதினீர்கள். அதுவும் சரிதான்.

விண்வெளியிலிருந்து திரும்பிய முதல் இந்தியர் நமக்கு அண்டை வீட்டுக்காரர் என்பது இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மேட்டுப்பாளையத்தில் மலையேறினால் வரும் குன்னூரில்தான் ராகேஷ் சர்மா ஓய்வுக்குப் பின் குடியேறினார். 1984 ஏப்ரல் 3-ல் சோயுஸ் டி-11-ல் போய், சல்யூட்-7 நிலையத்தில் இருந்துவிட்டு, ஏப்ரல் 11-ல் கஜகஸ்தானின் ஆர்க்காலிக் நகருக்கு அருகே இறங்கினார். இதில் ஒரு வேடிக்கை. போன கலம் வேறு, வந்த கலம் வேறு. நிலையத்தில் நீண்ட நாள் தங்குபவர்களுக்குப் புதுக் கலத்தை விட்டுவிட்டு, அங்கே ஏற்கனவே நின்ற டி-10-ல் இவர்கள் திரும்பினார்கள். அந்நாளில் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ரேடியோதான். இந்திரா காந்தியோடு அவர் பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் இறங்கிய அந்தப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

ககன்யானுக்காகத் தேர்வான நால்வரில் இருவருக்கு நம் திசையோடு உறவு உண்டு. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயருக்குச் சொந்த ஊர் வாளையாறு தாண்டி நெம்மாறைக்குப் பக்கத்துத் திருவழியாடு. சுக்லாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அன்று அந்த இருக்கையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். குன்னூரை ஒட்டிய வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் அஜித் படித்தவர், பிரசாந்த் பயிற்றுநராக இருந்தவர். கடலில் விழுந்த கலத்திலிருந்து ஆட்களை வெளியே எடுக்கும் பயிற்சி கொச்சி கடற்படைத் தளத்தில் நடக்கிறது. இதையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் கோயமுத்தூர் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்பதால், 'மேலே போன விதை என்ன ஆச்சு?' என்றும் பலர் கேட்டிருந்தீர்கள். சுக்லா அங்கே முளைக்கவிட்ட வெந்தயமும் பாசிப்பயறும் தார்வாடு ஆய்வாளர்களின் சோதனைக்கானவை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல், தட்டைப்பயறு, எள், கத்தரி, தக்காளி விதைகளும் போயிருந்தன. அந்தக் கலத்தில் பூமிக்கு வந்த சரக்கு மட்டும் சுமார் 263 கிலோ. ஆள் பத்திரமாக வருவதோடு முடிவதில்லை இந்தக் கதை. பயிரின் வேரைக் கீழே கொண்டுவந்து வெட்டிப் பார்த்தால்தான் அங்கே என்ன நடந்தது என்று தெரியும்.

ஆளுக்கும் அதே நிலைமைதான். திரும்பிவந்த பிறகு சுக்லா சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. படுக்கையில் வேலை பார்த்துவிட்டு, மடிக்கணினியை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் பக்கவாட்டில் தள்ளி விட்டிருக்கிறார். நல்லவேளை, தரையில் கம்பளம். செல்போனைக் கையில் வாங்கியபோது அதன் எடையே அவருக்குத் திகைப்பாக இருந்திருக்கிறது. இருபது நாளில் உடம்பு இவ்வளவு பழகிவிடுகிறது. கலத்தை விட்டு வெளியே வரும்போது இரு பக்கமும் தாங்கிப் பிடித்தது எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

இந்த இதழில் பாரசூட் துணியைப் பற்றித் தனிக் கட்டுரை இருக்கிறது, சோமனூர் வாசகருக்கு நன்றி. விண்வெளி நிலையத்தை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது எப்படி என்று கடைசிப் பக்கத்தில் படத்தோடு கொடுத்திருக்கிறோம். தொலைநோக்கி வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகோ விடிவதற்கு முன்போ, விமானம் போலச் சிமிட்டாமல், ஒரே வெளிச்சமாகச் சில நிமிடம் வானத்தைக் கடக்கும். நம் ஊருக்கு மேல் எப்போது வரும் என்று நாசாவின் செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மழை மேகம் குறுக்கிட்டால் எங்களைத் திட்டக்கூடாது.

தீபாவளி மலருக்காக ஒரு வேண்டுகோள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா இறங்கிய செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். வீட்டில் அப்பாரு, அம்முச்சி இருந்தால் அவர்களிடம் கேட்டு பேரப்பிள்ளைகள் எழுதினாலும் சரி. அந்நாளைய நாளிதழ் துண்டு, புகைப்படம் ஏதும் இருந்தால் நகல் மட்டும் அனுப்புங்கள். அசலை அனுப்பிவிடாதீர்கள், பத்திரப்படுத்தித் திருப்பி அனுப்ப எங்கள் அலுவலகத்தில் பீரோவில் இடமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்